எதைப் பற்றிப் பேச்சு? அரபியும் ஆங்கிலமும்

அவையோருக்கு வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

மதரஸாவில் நஹ்வு, அதாவது அரபி இலக்கணம், படித்தவர்கள் ஜைதையும் அம்ரையும் மறந்திருக்க மாட்டீர்கள். ‘ளரப ஜைதுன் அம்ரன்’, ஜைது அம்ரை அடித்தான். இதையே ‘ஜைதுன் ளரப அம்ரன்’ என்றும் சொல்லலாம், ‘அம்ரன் ளரப ஜைதுன்’ என்றும் சொல்லலாம். எப்படிச் சொன்னாலும் அடித்தவன் ஜைதுதான். ‘உன்’, ‘அன்’ என்ற ஈறுகள் அதைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. நமக்கு ‘ஐ’ உருபு செய்யும் வேலை அது. அதனால் சொற்களின் வரிசை வேறொரு காரியத்துக்குக் கிடைக்கிறது: பேச்சு எதைப் பற்றியது என்று காட்டுவதற்கு.

ஆங்கிலத்தில் ஜைதையும் அம்ரையும் இடம் மாற்றிப் பாருங்கள், அடி வாங்கியவன் அடித்தவனாகிவிடுவான். 1926-இல் பிராகு மொழியியல் வட்டத்தைத் தொடங்கிய விலேம் மத்தேசியுஸ், செக் மொழியோடு ஒப்பிட்டு இதை நன்றாகக் கவனித்தார். ஆங்கிலத்தில் எழுவாயே பெரும்பாலும் பேசுபொருளாகவும் இருக்கிறது. அடிபட்டவனைப் பற்றிப் பேச வேண்டுமானால் அவனை எழுவாயாக்க வேண்டும்; அதற்குத்தான் அங்கே செயப்பாட்டுவினை அவ்வளவு புழங்குகிறது.

பின்னால் வந்த மொழியியலாளர் ஹாலிடே, ஆங்கிலத்தில் வாக்கியத்தின் தொடக்கமே பேசுபொருள் என்றார். அந்தக் கணக்கை அப்படியே அரபிக்குப் போட்டால் சிக்கல். வினையில் தொடங்கும் வாக்கியம் எல்லாம் வினையைப் பற்றியது என்றாகிவிடும். எனக்கு அது சரியாகப் படவில்லை. ‘ஜாஅல் அவ்லாது’ என்றால், பையன்கள் வந்தார்கள் என்ற நிகழ்ச்சி முழுசாக நம் முன் வருகிறது. ‘அல் அவ்லாது ஜாஊ’ என்றால் பையன்களை முதலில் நிறுத்தி, அப்புறம் அவர்களைப் பற்றிச் சொல்கிறோம். வினையையே பாருங்கள்: முன்னதில் ஒருமை, பின்னதில் பன்மை. இராக்கின் பஸரா நகரத்துப் பழைய அரபி இலக்கணிகள் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணவே இல்லை. வினைக்கு முன் நிற்கும் பெயர் அவர்களுக்கு ஃபாயில் அல்ல, அதாவது வினையைச் செய்பவன் என்ற எழுவாய் அல்ல; முப்ததா, அதாவது பேச்சு தொடங்கும் பெயர். மற்றதெல்லாம் அதைப் பற்றிய கபர், அதாவது செய்தி. பேசுபொருளுக்கு இலக்கணத்திலேயே ஓர் இருக்கை போட்டுவிட்டார்கள்!

இன்றைய ஈரானில் உள்ள ஜுர்ஜானில், 11-ஆம் நூற்றாண்டில், அரபி இலக்கண அறிஞர் அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி இதை இன்னும் ஆழமாகத் தோண்டினார். ‘முக்கியமானது என்பதால் முன்னால் வந்தது’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது அவருக்குப் போதவில்லை. ஏன் முக்கியம், யாருக்கு முக்கியம் என்று கேட்டார். அவர் விளக்கும் ஓர் எடுத்துக்காட்டு: ஊரை நாசமாக்கிய ஒரு கலகக்காரன் கொல்லப்படுகிறான். அவன் ஒழிந்தானா என்பதுதான் ஜனங்களுக்கு வேண்டும். கொன்றவன் யார் என்பதில் அக்கறை இல்லை. அதனால், ‘கதலல் காரிஜிய்ய ஜைதுன்’, கொன்றான் கலகக்காரனை ஜைது, என்று கொல்லப்பட்டவனை முன்னால் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இதற்கு வினையையே செயப்பாட்டுக்கு மாற்ற வேண்டும். அரபியில் ஒரு பெயர் கொஞ்சம் முன்னால் நகர்ந்தால் போதும்.

குர்ஆனின் முதல் அத்தியாயத்தில் ‘இய்யாக நஃபுது’ என்று வருகிறது. செயப்படுபொருள் முன்னால் நிற்பதால் வேறு யாரையும் அல்ல என்ற பொருள் கிடைக்கிறது. ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் ‘அலோன்’ போன்ற ஒரு சொல்லைத் துணைக்கு அழைக்கிறார்கள். நாம் ‘உன்னையே வணங்குகிறோம்’ என்கிறோம். ஏகாரமும் வந்துவிட்டது, வரிசையும் கெடவில்லை.

கேள்விகளில்தான் ஜுர்ஜானியின் கூர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். ‘அபனைத்த’ என்று வினையை முன்னால் வைத்தால், கட்டப்போவதாகச் சொன்ன வீட்டைக் கட்டினாயா என்று பொருள். கட்டினானா இல்லையா என்பதே சந்தேகம். ‘அஅன்த பனைத்த’ என்று ஆளை முன்னால் வைத்தால் வீடு கண்ணெதிரே நிற்கிறது. கட்டியவன் நீதானா என்பதுதான் கேள்வி. அதனால்தான், கட்டப்போவதாகச் சொன்ன வீட்டைப் பற்றி ‘அஅன்த பனைத்த’ என்று கேட்பது பொருந்தாது என்கிறார். ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டுக்கும் ‘டிட் யூ பில்ட்’ என்று ஒரே தொடக்கத்தைப் போட்டுவிட முடியும். பேசும்போது ‘யூ’ மேல் குரலை அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் ‘வாஸ் இட் யூ ஹூ’ என்று வாக்கியத்தையே பிளக்க வேண்டும்.