அந்த "ம்ம்ம்" எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன்: ஹெட்போன் ஆம்ப், எர்த், கெயின்

வணக்கம் நண்பர்களே. மைக்கை ஹெட்போனின் காதுமெத்தைக்குள் செருகியிருக்கிறேன். பாட்டு எதுவும் ஓடவில்லை. ஆம்ப்பின் வால்யூம் குமிழை வலப்பக்கம் கடைசி வரைக்கும் திருப்பிவிட்டேன். என்ன கேட்கிறது? பக்கத்து வீட்டுக் குக்கரின் விசிலைத் தவிர எதுவும் கேட்கவில்லை. இரண்டு வாரங்களுக்கு முன்பு இதே சோதனையைச் செய்து, ஆம்ப்புக்கு மின்சாரம் தரும் ட்ரான்ஸ்ஃபார்மர் பெட்டியின் மீது முழுப் பழியையும் போட்டு, "பிரச்சினை தீர்ந்தது" என்று நான் அறிவித்த பிறகும், "ம்ம்ம்" என்ற முனகல் அந்தக் காணொளி முழுவதும் ஓடிக்கொண்டிருந்ததை நீங்கள்தான் சுட்டிக்காட்டினீர்கள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால், பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு பவர் கேபிள் வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்று சொன்னவர்களை மட்டும் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. சுவருக்குள் ஓடும் மலிவான ஒயரை அப்படியே விட்டுவிட்டு, கடைசி ஒன்றரை மீட்டரில் தங்க முலாம் பூசுவதால் என்ன மாறும் என்று எனக்கு இதுவரை யாரும் விளக்கியதில்லை.

புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் மேசையில் இருப்பது ஓ2 என்ற ஹெட்போன் ஆம்ப், அதாவது ஹெட்போனுக்குப் போகும் சிக்னலைப் பெருக்கும் பெட்டி. என்டபிள்யூஏவிகை என்ற புனைபெயரில், முகம் காட்டாமலேயே எழுதிவந்த ஒருவர் 2011-இல் இதன் வரைபடத்தைப் பொதுவில் வெளியிட்டார். அடுத்த ஆண்டே எழுதுவதை நிறுத்திக் காணாமல் போனார். பலகையை வாங்கி, பாகங்களை நானே சால்டர் செய்து கட்டிய கதையைத்தான் மூன்று காணொளிகளாக இழுத்தேன்.

அந்த மூன்றிலும் சொல்லாமல் விட்ட ஒன்று, அடாப்டர் வாங்கிய கதை. இந்த ஆம்ப்புக்கு டிசி அடாப்டர் உதவாது; 12 முதல் 20 வோல்ட் வரை ஏசியையே வெளியே தரும் அடாப்டர் வேண்டும், ஏனென்றால் ஏசி அலையின் மேல்பாதியிலிருந்து பிளஸ் 12 வோல்ட்டையும் கீழ்ப்பாதியிலிருந்து மைனஸ் 12 வோல்ட்டையும் பலகையே உருவாக்கிக்கொள்கிறது. சென்னையின் மின்னணுப் பொருள் கடைவீதியான ரிச்சி தெருவில் ஒரு சனிக்கிழமை முழுவதும் அலைந்தேன். ஏழு கடைகளில் கேட்டேன். ஏழிலும் செட்டாப் பாக்ஸுக்குப் போடும் 12 வோல்ட் டிசி அடாப்டரையே நீட்டினார்கள். "அவுட்புட்டும் ஏசியாக வேண்டும் அண்ணா" என்றேன். ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஏசி வேண்டுமென்றால் சுவரிலேயே இருக்கிறதே தம்பி" என்றார். அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. கடைசியில் எட்டாவது கடையில், தூசி படிந்த டப்பாவுக்குள்ளிருந்து 0-15 வோல்ட், 500 மில்லியாம்பியர் ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்று கிடைத்தது. விலை 260 ரூபாய். அதை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் பொருத்தி, ஃபியூஸும் போட்டு, ஆம்ப்புக்குப் பக்கத்திலேயே வைத்தேன். அதுதான் முதல் தவறு. ட்ரான்ஸ்ஃபார்மரைச் சுற்றிப் படரும் காந்தப்புலம் பக்கத்தில் போகும் கம்பிகளுக்குள் 50 ஹெர்ட்ஸ் முனகலை ஏற்றிவிடும். தூரம் கூடக் கூட அது மளமளவென்று குறைந்தும்விடும். பெட்டியை மேசைக்கு அடியில் இறக்கியதும் முனகல் பாதியானது. அந்தப் பாதிக் குணத்தை முழுக் குணம் என்று நினைத்துத்தான் போன காணொளியில் வெற்றி விழா கொண்டாடினேன்.

மிச்சப் பாதிக்கு வருகிறேன். இம்முறை ஒழுங்காகச் சோதித்தேன். வால்யூமைப் பூஜ்ஜியத்தில் வைத்தால் முனகல் இல்லை. குமிழைத் திருப்பத் திருப்ப ஏறியது. அப்படியானால் அது குமிழுக்கு முன்னாலேயே, அதாவது உள்ளே வரும் சிக்னலோடு சேர்ந்து வருகிறது என்று பொருள். குமிழைப் பூஜ்ஜியத்தில் வைத்த பிறகும் இரைச்சல் இருந்திருந்தால், ஆம்ப்பின் கடைசிக் கட்டத்தையோ மின்வழங்கலையோ சந்தேகப்பட்டிருப்பேன். அடுத்து, டாக்கிலிருந்து (கணினியின் டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக மாற்றும் பெட்டி) வரும் கேபிளைப் பிடுங்கினேன், முனகல் நின்றது. டாக்கை மேசைக் கணினியிலிருந்து எடுத்து, சார்ஜர் போடாத லேப்டாப்பில் செருகினேன். அப்போதும் முனகல் இல்லை. ஆம்ப் நிரபராதி என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. நான் கட்டிய ஆம்ப் என்பதால் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை நீங்கள் புரிந்துகொள்வீர்கள்.

இடையில் ஒரு திருப்பம் வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். முனகலோடு "ர்ர்ர்" என்ற கரகரப்பு ஒன்றும் விட்டுவிட்டு வந்தது. மின்விசிறியை ஐந்தில் வைத்தால் காணாமல் போகும். மூன்றில் வைத்தால் வரும். இந்த வீட்டில் இருப்பது ட்ரையாக் என்ற மின்னணு சுவிட்சை வைத்து வேலை செய்யும் பழைய சுழல் ரெகுலேட்டர். அது ஒவ்வொரு அரை அலையையும் நடுவில் வெட்டி வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கிறது, அந்த வெட்டுதான் கரகரப்பாகக் கேட்கிறது. கெபாசிட்டர்களை வைத்துச் செய்யும், டக் டக்கென்று படிப்படியாகத் திரும்பும் ரெகுலேட்டரில் இந்தத் தொல்லை இல்லை. மாற்றிவிட்டேன். கரகரப்பு போனது, முனகல் அசையவில்லை.

அதன் பிறகுதான் தற்செயலாகக் கணினிப் பெட்டியின் பின்பக்க உலோகத்தில் புறங்கை பட்டது. மெல்லிய சுரசுரப்பு, எறும்பு ஊர்வதைப் போல. அதே நேரத்தில் ஹெட்போனில் முனகலின் தன்மையும் மாறியது. கையை எடுத்தேன், பழையபடி ஆனது, வைத்தேன், மாறியது. நான்கைந்து முறை செய்து பார்த்துவிட்டு, மல்டிமீட்டரை எடுத்துச் சுவர் சாக்கெட்டை அளந்தேன். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 228 வோல்ட், சரி. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவேயும் ஏறத்தாழ அதே அளவு காட்டியிருக்க வேண்டும். மீட்டர் 91 என்று காட்டியது, பிறகு 84, பிறகு 97. நிலையாக நிற்கவே இல்லை. எர்த் துளை இருக்கிறது, அதற்குப் பின்னால் எர்த் இல்லை.

கணினியின் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் (மின்வழங்கிப் பெட்டிக்குள்) ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சிறிய கெபாசிட்டர்கள் உலோகப் பெட்டியோடு இணைக்கப்பட்டிருக்கும். உயர் அதிர்வெண் குப்பையை எர்த்துக்குள் தள்ளுவதுதான் அவற்றின் வேலை. எர்த் இல்லாத வீட்டில், அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பெட்டி 230 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதியில், 115 வோல்ட் அளவில் மிதக்கும். கசியும் மின்னோட்டம் ஒரு மில்லியாம்பியரைக்கூட எட்டாது என்பதால் அது ஆளைத் தூக்கி எறிவதில்லை, சுரசுரக்க மட்டும் செய்கிறது. ஆனால் அந்தக் கசிவு எப்படியாவது மண்ணைத் தொட வழி தேடும்.

இங்கே நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும், ஏனென்றால் முக்கியமான ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். டாக்கிலிருந்து வரும் கேபிளை ஒரு ஒய் கேபிளால் இரண்டாகப் பிரித்து, ஒன்றை ஹெட்போன் ஆம்ப்புக்கும் மற்றதை மேசை ஸ்பீக்கர்களுக்கும் கொடுத்திருக்கிறேன் அல்லவா? அந்த ஸ்பீக்கர்களின் பிளக், எதிர்ச் சுவரில் இருக்கும் ஏர்கண்டிஷனர் பாயிண்ட்டில் செருகப்பட்டிருந்தது. அங்கே எர்த் நன்றாக இருக்கிறது. ஆக, கணினியின் கசிவு யூஎஸ்பி கேபிள் வழியாக டாக்குக்குள் வந்து, நூற்றைம்பது ரூபாய் ஒய் கேபிளின் மெலிந்த உறைக்கம்பி (சிக்னல் கம்பியைச் சுற்றி ஓடும் வெளிக்கம்பி) வழியாக ஸ்பீக்கருக்குப் போய், அங்கிருந்து மண்ணில் இறங்கியிருக்கிறது. அந்தக் கம்பியின் மின்தடையில் உண்டாகும் சில மைக்ரோவோல்ட்டுகளை ஆம்ப் பாட்டின் ஒரு பகுதி என்றே எடுத்துக்கொள்ளும். பெருக்கித் தருவதுதானே அதன் தொழில்?

சாக்கெட்டுக்குள் நான் கை வைக்கவில்லை, நீங்களும் வைக்காதீர்கள். எலெக்ட்ரீஷியன் வந்து மெயினை அணைத்துவிட்டுச் சுவிட்ச் பலகையைக் கழற்றினார். பச்சை ஒயர் உள்ளே இருந்தது. எங்கும் இணைக்கப்படாமல், நுனியில் டேப் சுற்றி, அழகாகச் சுருட்டி மூலையில் செருகப்பட்டிருந்தது. முன்பு யாரோ பலகையை மாற்றியபோது, மூன்றாவது ஒயர் எதற்கு என்று தோன்றியிருக்க வேண்டும். இவர் அதை இணைக்க எடுத்துக்கொண்ட நேரம் பத்து நிமிடம். கூலி 350 ரூபாய். இப்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 1.4 வோல்ட்தான் இருக்கிறது. கையோடு மற்ற அறைகளையும் அளந்து பார்த்தோம்; துணி துவைக்கும் இயந்திரத்தின் சாக்கெட்டிலும் அதே கதைதான். அதைத் தொடும்போதெல்லாம் அம்மா ஏன் ரப்பர் செருப்பைத் தேடுகிறார் என்று இவ்வளவு நாளாக நான் கேட்டதே இல்லை.

முனகல் முற்றிலும் நின்றதா என்றால், இல்லை. இரண்டு சுவர்களிலும் எர்த் வந்துவிட்டதால், கணினிக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே கேபிள் உறை வழியாக ஒரு வளையம் உருவாகி, மெல்லிய மிச்சம் ஒன்று தங்கியது. எல்லாப் பிளக்குகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியதும் அதுவும் ஒழிந்தது. இந்த இடத்தில் எனக்குக் கோபம் வரும் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த முனகல், அதாவது ஹம், வந்தால் மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடுங்கள் என்று அறிவுரை சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முனகல் நிற்கலாம், ஆனால் நாளைக்கு உள்ளே ஒரு ஃபேஸ் ஒயர் கழன்று பெட்டியில் பட்டால், அந்தப் பெட்டி முழுவதும் 230 வோல்ட். பாட்டுக் கேட்பதற்காக அந்த விலையைக் கொடுக்க வேண்டாம்.

இனி கெயின், அதாவது உள்ளே வரும் சிக்னலை ஆம்ப் எத்தனை மடங்காகப் பெருக்குகிறது என்ற அளவு. ஐஈஎம் (காதுக்குள் செருகும் சிறிய இயர்போன்) போட்டால், கடிகார முள்ளைப் போல எண்ணும்போது குமிழை ஏழரை மணி நிலைக்கு மேல் திருப்ப முடியவில்லை, அந்த இடத்தில் இடது காது மட்டும் உரக்கக் கேட்டது என்று பழைய காணொளியில் புலம்பியது நினைவிருக்கும். என் சென்ஹைசர் எச்டி 650-க்கு 300 ஓம், 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல். ஐஈஎம்முக்கு 16 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 110 டெசிபல் என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள். 110, 103 என்று பார்த்ததும் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தானே என்று நினைத்துவிடக் கூடாது. ஒன்று வாட்டில், மற்றது வோல்ட்டில். ஐஈஎம்மை வோல்ட்டுக்கு மாற்றினால் 128 டெசிபல் வருகிறது. வித்தியாசம் 25 டெசிபல், அதாவது ஒரே சத்தத்துக்கு எச்டி 650 கேட்கும் வோல்ட்டேஜில் பதினெட்டில் ஒரு பங்கு இதற்குப் போதும். டாக் கொடுப்பதோ முழு 2 வோல்ட். ஆம்ப்பின் குறைந்த கெயின் அதை 2.5 மடங்காக்குகிறது. குமிழ் என்பது ஒரே அச்சில் ஓடும் இரண்டு தடங்கள், இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று. ஆரம்பச் சில டிகிரிகளில் அவை ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. அந்தக் குறுகிய இடத்துக்குள்தான் நான் வாழ்ந்துகொண்டிருந்தேன்.

இதைக் கணக்குப் போடும்போது இன்னொன்றும் வெளியே வந்தது. அது என் மானப் பிரச்சினை. அதிக கெயினில், 6.5 மடங்கில், எச்டி 650-க்கு "உடம்பு வந்துவிட்டது" என்று ஒரு காணொளி முழுவதும் சிலாகித்தேன் அல்லவா? ஓ2-வில் பெருக்கும் கட்டம் குமிழுக்கு முன்னால் இருக்கிறது. அது நல்ல வடிவமைப்பு, ஏனென்றால் குமிழைக் குறைக்கும்போது அந்தக் கட்டத்தின் இரைச்சலும் சேர்ந்து குறைகிறது. ஆனால் 2 வோல்ட்டை 6.5 மடங்காக்கினால் 13 வோல்ட். 12 வோல்ட் ரெயில்களை, அதாவது பலகை உருவாக்கிக்கொள்ளும் அந்தப் பிளஸ், மைனஸ் 12 வோல்ட்டை, வைத்துக்கொண்டு இந்த ஆம்ப்பால் தர முடிந்தது சுமார் 7 வோல்ட். மிச்சம் வெட்டுப்பட்டுவிடும், அதுவும் குமிழை எவ்வளவு குறைத்தாலும். குறைந்த சத்தத்தில் பதிவான பழைய பாடல்களில் அது தெரியவில்லை. சத்தத்தை நெருக்கித் திணித்த புதிய பாடல்களில் மட்டும் அந்த "உடம்பு" கேட்டது. நான் புகழ்ந்தது சிதைவை. அந்தக் காணொளியை அழிக்க மாட்டேன், தலைப்பை மட்டும் மாற்றுகிறேன்.

திருத்தத்துக்கு வருகிறேன், இதற்காகத்தான் இந்தக் காணொளியையே எடுத்தேன். கெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் இரண்டு ஜோடி ரெசிஸ்டர்கள் உள்ளன. ஃபீட்பேக்கில் இருப்பது 1.5 கிலோ ஓம். அதை ஜோடியில் ஒரு ரெசிஸ்டரின் மதிப்பால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் கெயின். 1 கிலோ ஓம் போட்டால் 2.5, 274 ஓம் போட்டால் 6.5, எதுவுமே போடாவிட்டால் வெறும் 1. குறைந்த கெயினில் இருந்த 1 கிலோ ஓம் ஜோடியைச் சால்டரை உருக்கி மெல்ல வெளியே எடுத்தேன். ஒன்றின் கால் கொஞ்சம் வளைந்தது, உடையவில்லை. 274 ஓம் ஜோடியைக் கழற்றி, அந்த இடத்தில் இதே 1 கிலோ ஓம் ஜோடியை வைத்தேன். இப்போது சுவிட்ச் வெளியே இருந்தால் 1, உள்ளே அழுத்தினால் 2.5. வாங்கிய பாகம் எதுவும் இல்லை. செலவு பூஜ்ஜிய ரூபாய். திரும்பவும் சொல்கிறேன், பூஜ்ஜியம். மீதியாகக் கிடந்த இரண்டு 274 ஓம் ரெசிஸ்டர்களையும் இந்தச் சின்ன டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

2.5-இலிருந்து 1-க்கு இறங்கியதில் 8 டெசிபல் கிடைத்தது. ஐஈஎம் போடும்போது கணினியின் வால்யூமையும் 12 டெசிபல் குறைத்துக்கொள்கிறேன். 24 பிட் ஓட்டத்தில் அதனால் போவது இரண்டு பிட்டுகள்தான், என் காதுக்கு அது எட்டாது. மொத்தம் 20 டெசிபல் இடம் கிடைத்ததால் குமிழ் இப்போது பத்து மணியைத் தாண்டி நிற்கிறது, இரண்டு காதுகளும் ஒன்றுபோல் கேட்கின்றன. எச்டி 650-க்குச் சுவிட்சை அழுத்தினால் 5 வோல்ட் வரை கிடைக்கிறது, அதாவது 117 டெசிபல். அதற்கு மேல் வேண்டும் என்பவர்கள் காது மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

ஒய் கேபிளை இன்னும் மாற்றவில்லை. உறை தடிமனான ஒன்றை அடுத்த சனிக்கிழமை ரிச்சி தெருவில் தேடப் போகிறேன், அந்த எட்டாவது கடையிலிருந்து தொடங்கி.