மணல் முடியும் இடம்: எமரால்டு அணைக் கரையில் ஓர் எண்ணெய்ப் பாடம்

(காட்சி: கோடை. நீர் இறங்கிய எமரால்டு அணை. ஓடை வந்து சேரும் முகத்துவாரம். தரையில் மண்வெட்டி.)

வணக்கம். ஊட்டி பக்கம், எமரால்டு அணைக் கரையில் நிற்கிறேன். மழைக்காலத்தில் முழுகிக் கிடக்கும் தரை இப்போது வெளியே தெரிகிறது. அதைத் தோண்டிப் பார்க்கத்தான் வந்தேன். காலையில் கேரட் தோட்டத்துக்குப் போன பெரியவர் ஒருவர் மண்வெட்டியைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, எண்ணெய்க் கிணறா?" என்றார். "இல்லைங்கய்யா, நம்ம மலையில எண்ணெய் கிடைக்காது. அது பூமிக்குள்ள எப்படி மாட்டிக்கிட்டு நிக்குதுன்னு காட்டத்தான் வந்தேன்" என்றேன்.

கிடைக்காது என்பது உண்மைதான். நீலகிரி பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற பாறை. சுமார் 250 கோடி ஆண்டுப் பழசு. பூமியின் ஆழத்தில் கடும் சூட்டில் இறுகியது, எண்ணெய் தங்கத் துளை கிடையாது. ஆனால் அந்தப் பாறை உதிர்ந்து வந்த மணல் இந்தக் கரையில் கிடக்கிறதே, அது போதும் நமக்கு.

(காட்சி: மண்வெட்டி இறங்குகிறது. குழியின் பக்கவாட்டு, மிக நெருக்கத்தில்.)

முதல் குழி, ஓடை வாயிலேயே. ஒரு முழத்துக்கு மணல், கையில் நறநறவென்று இருக்கிறது. அணையை நோக்கி இருபது அடி தள்ளி இரண்டாவது குழி. இங்கே மணல் நாலு விரல் தடிமன்தான், மேலும் கீழும் களிமண். இன்னும் தள்ளி மூன்றாவது குழி. மணல் ஒரு நூல் மாதிரி தெரிகிறது. நாலாவதில் அதுவும் இல்லை. வெறும் களி, மண்வெட்டியை விட மாட்டேன் என்கிறது.

ஓடையின் வேகம் குறைந்ததும் கனமான மணல் முதலில் படிந்தது. நுண்ணிய சேறு தள்ளிப் போய்ப் படிந்தது. அவ்வளவுதான். இப்போது பாட்டில் தண்ணீரை ஊற்றுகிறேன். மணல் உடனே குடித்துவிட்டது. களிமேல் ஊற்றியது குட்டையாக அப்படியே நிற்கிறது.

இந்தக் காட்சியைக் கடலடியில், கிலோமீட்டர் கணக்கான ஆழத்தில் நினைத்துப் பாருங்கள். சேற்றோடு புதைந்த நுண்பாசிகள் 60 முதல் 120 டிகிரி செல்சியஸ் சூட்டில் மெல்ல எண்ணெய் ஆகின்றன. அந்த எண்ணெய் பக்கத்து மணற்பாறைக்குள் கசிகிறது. மணல் துளைகளில் ஏற்கெனவே உப்புத் தண்ணீர் இருக்கிறது. எண்ணெய் அதைவிட லேசு, எனவே சரிவைப் பிடித்து மேலே மேலே ஏறும். தடுக்க ஏதும் இல்லையென்றால் தரைக்கு வந்து வீணாகும்.

பாறை அடுக்கு கவிழ்த்த சட்டி மாதிரி வளைந்திருந்தால் எண்ணெய் அதன் உச்சியில் நிற்கும். எண்ணெயை இப்படி மாட்டி நிறுத்தும் அமைப்புக்குப் பொறி என்று பெயர், எலிப்பொறி மாதிரி. இது எல்லாருக்கும் தெரிந்த வகை. இன்னொன்று, வளைவே இல்லாமல் மணலே முடிந்துபோவது. இதற்கு ஸ்ட்ராட்டிகிராஃபிக் டிராப் என்று பெயர், தமிழில் அடுக்குப் பொறி எனலாம். லெவோர்சன் என்ற அமெரிக்க நிலவியலாளர் 1936-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பெயர்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, பல பேர் இதை விட்டுவிடுகிறார்கள். நம் மணல் எந்தப் பக்கம் மெலிகிறது? பள்ளத்தை நோக்கி. எண்ணெய் ஏறுவதோ மேட்டை நோக்கி. அப்படியானால் ஓடை வாய் வழியாகத் தப்பிவிடுமே! தப்பிவிடும்தான். பின்னாளில் நிலம் மறுபக்கம் சாய்ந்து, மெலிந்த முனை மேலே வந்தால் மட்டுமே இது பொறி. மேலே, கீழே, முனையில் என்று மூன்று பக்கமும் களி ஒழுகாமல் பிடிக்கவும் வேண்டும். ஒரு பக்கம் கசிந்தாலும் போச்சு.

(காட்சி: வரைபடம். சாய்ந்த மணற்பாறை, மேலே சுண்ணாம்புப் பாறை.)

அமெரிக்காவின் கிழக்கு டெக்சாஸ் எண்ணெய் வயல் இதற்குப் பெரிய சாட்சி. அங்கே மணல் தானாக மெலியவில்லை. உட்பைன் என்ற மணற்பாறை கிழக்குப் பக்கம் உயர்ந்து, அரிக்கப்பட்டு, அதன்மேல் ஆஸ்டின் சுண்ணாம்புப் பாறை மூடி போட்டது. சட்டி வளைவு ஏதும் தெரியாததால் நிலவியலாளர்கள் பலர் அங்கே எண்ணெய் இல்லை என்றார்கள். எண்ணெய் தேடிக் கிணறு தோண்டிய எழுபது வயது டாட் ஜாய்னர் மட்டும் விடவில்லை. இரண்டு கிணறுகள் பாழாகி, 1930 அக்டோபரில் மூன்றாவது பாய்ந்தது. சில மாதங்களுக்குள் வடக்கே இன்னும் இரண்டு இடங்களில் எண்ணெய் வந்தது. மூன்றும் தனித்தனி என்றுதான் முதலில் நினைத்தார்கள். கடைசியில் எல்லாம் ஒரே வயல், நீளம் சுமார் 70 கிலோமீட்டர்! இதுவரை 500 கோடி பீப்பாய்க்கு மேல் எடுத்துவிட்டார்கள்.

இன்று நிலத்துக்குள் அதிர்வலை அனுப்பித் தேடுகிறோம். ஆனாலும் பாருங்கள்: நொடிக்கு 3000 மீட்டர் வேகத்தில் போகும் 30 ஹெர்ட்ஸ் அலையின், அதாவது நொடிக்கு 30 முறை அதிரும் அலையின், நீளம் 100 மீட்டர். அதில் கால்பங்கு, அதாவது 25 மீட்டருக்கும் மெல்லிய அடுக்கின் மேற்பரப்பும் அடிப்பரப்பும் பிரிந்து தெரியாது. வளைவு கண்ணுக்குப் படும், மெலிந்த முனை படாது. அதனால்தான் பழைய கிணறுகளின் பாறைத் துகளை வைத்து, மணல் எங்கே மெலிகிறது என்று கிணறு கிணறாக ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நான் இன்று நாலு குழி வெட்டியது போல.

(காட்சி: குழிகள். ஓரத்தில் நீர் ஊறுகிறது.)

மூன்றாவது குழியைப் பாருங்கள். அந்த நூல் மணலிலிருந்து மட்டும் தண்ணீர் கசிந்து வருகிறது. மேலும் கீழும் இருக்கும் களி ஈரமாகத்தான் இருக்கிறது, ஒரு சொட்டும் விடவில்லை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கினால் அணை ஏறி, இதன்மேல் இன்னொரு சேற்றுப் படலம் படியும். குழிகளை மூடிவிட்டுக் கிளம்புகிறேன், ஆடு மாடு வரும் வழி.