தேதி தாண்டிய பிரசவம்: வலிக்கு மருந்து வைப்பதா, காத்திருப்பதா?

நேயர்களுக்கு வணக்கம்.

"டாக்டர் குடுத்த தேதி போன வாரமே முடிஞ்சிடுச்சு, இன்னும் வலி காணோமே!" நிறைமாதப் பெண் இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சு எழுந்துவிட்டால் அன்றிரவு யாருக்கும் தூக்கம் வராது. மருத்துவமனையில் "அட்மிட் ஆகுங்க, வலிக்கு மருந்து வச்சிடலாம்" என்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களோ "தானா வர்ற வலிதான் நல்ல வலி, மருந்து வச்சா கடைசியில ஆபரேஷன்தான்" என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பெண் எதை வைத்து முடிவு செய்வது?

முதல் கேள்வி: தேதி உண்மையிலேயே தாண்டிவிட்டதா? கடைசியாக மாதவிடாய் வந்த முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம் என்பது கணக்கு. ஜனவரி 1 அன்று மாதவிடாய் வந்தவருக்கு அக்டோபர் 8 வரும். இந்தக் கணக்கு 28 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வருபவர்களுக்குத்தான் பொருந்தும். 35 நாளுக்கு ஒருமுறை வருபவருக்குக் கரு ஒரு வாரம் தாமதமாகத்தான் தங்கியிருக்கும். அவருக்கு உண்மையான தேதி அக்டோபர் 15. அன்றைக்கு அவரை "41 வாரம் ஆயிடுச்சு" என்று சொன்னால், அவர் குழந்தைக்கு வயது 40 வாரம்தான்.

இதைச் சரிபார்க்க மிக நம்பகமானது முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன். தலையிலிருந்து பிட்டம் வரை கருவின் நீளத்தை அளந்து வயதைச் சொல்வார்கள், ஐந்து முதல் ஏழு நாளுக்குள் துல்லியமாக இருக்கும். ஒன்பதிலிருந்து பதினான்கு வாரத்துக்குள் எடுத்த அந்த ஸ்கேனுக்கும் மாதவிடாய்க் கணக்குக்கும் ஏழு நாளுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்கேன் தேதியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு குழப்பம் திரும்பத் திரும்ப நடக்கிறது. ஒவ்வொரு ஸ்கேன் ரிப்போர்ட்டிலும் ஒரு பிரசவத் தேதி அச்சாகி வரும். ஒன்பதாம் மாத ஸ்கேனில் வரும் தேதி குழந்தையின் பருமனை வைத்துக் கணினி போடும் கணக்கு. அது மூன்று வாரம்வரை முன்பின்னாக இருக்கலாம். பெரிய குழந்தை என்றால் தேதி முன்னே வரும், சிறிய குழந்தை என்றால் பின்னே போகும். கடைசி ரிப்போர்ட்டைப் பார்த்து "இன்னும் பத்து நாள் இருக்கே" என்று நிம்மதியாக இருந்துவிடுவது, வளர்ச்சி குறைந்த ஒரு குழந்தையைக் கவனிக்காமல் விடுவதாக ஆகிவிடலாம். முதல் ஸ்கேனில் முடிவான தேதியைக் கர்ப்பகால அட்டையின் மேலே பெரிதாக எழுதி வையுங்கள். அதற்குப் பிறகு எந்த ஸ்கேனும் அதை மாற்றக் கூடாது.

குறித்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நான்கைந்துதான். ஆகவே 40 வாரம் முடிந்தது என்பது மட்டுமே பதற்றத்துக்குக் காரணமில்லை. 41 வாரம் முடியும்போது கதை மாறுகிறது. நஞ்சுக்கொடியின் திறன் குறையத் தொடங்கலாம், பனிக்குட நீர் வற்றலாம், குழந்தை உள்ளேயே மலம் கழித்து அதை மூச்சுடன் இழுத்துவிடலாம். குழந்தை பெருத்து, தலை வெளியே வந்தபின் தோள் சிக்கிக்கொள்ளவும் கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, வயிற்றுக்குள்ளேயே துடிப்பு நின்றுபோகும் ஆபத்து மெல்ல ஏறுகிறது.

எவ்வளவு ஏறுகிறது? அதையும் அளவோடு சொல்ல வேண்டும், பயமுறுத்துவது நியாயமல்ல. 40 வாரம் முடிந்து 41 வரை காத்திருப்பவர்களில் ஏறக்குறைய 1,450 பேருக்கு ஒரு குழந்தை கூடுதலாக இழக்கப்படுகிறது. தேதி தாண்டும் நிலையில் வலி வரவைப்பதையும் காத்திருப்பதையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டி 2020-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பில் 21,000-க்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். வலி வரவைத்த குழுவில் 4 குழந்தைகளும் காத்திருந்த குழுவில் 25 குழந்தைகளும் இறந்திருந்தன. ஒரு குழந்தையைக் காப்பாற்ற 544 பெண்களுக்கு மருந்து வைக்க வேண்டியிருக்கும் என்பது அதன் கணக்கு. ஸ்வீடனில் 2,760 பெண்களிடம் 41 வாரத்தையும் 42 வாரத்தையும் ஒப்பிட்டு நடந்த ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். காத்திருந்த குழுவில் 6 குழந்தைகள் போயின, மற்ற குழுவில் ஒன்றுகூட இல்லை. 41 வாரம் தாண்டியது உறுதியானால் வலி வரவைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதற்குப் பின்னணி இதுதான்.

"மருந்து வச்சா ஆபரேஷன்தான்" என்ற பயத்துக்கும் அந்தத் தொகுப்பிலேயே விடை இருக்கிறது. மருந்து வைத்தவர்களிடம் சிசேரியன் சற்றுக் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் நம் ஊர்ப் பயத்தை அறியாமை என்று தள்ளிவிட மாட்டேன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன், தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம். மருந்து வைத்தபின் எவ்வளவு பொறுமையாகக் காத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே முடிவு அமையும்.

பொறுமை எங்கே தேவைப்படுகிறது என்பது, உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் புரியும். முதலில் உள் பரிசோதனை செய்து கர்ப்பவாய்க்கு மதிப்பெண் போடுவார்கள். பிஷப் ஸ்கோர் என்று பெயர், மொத்தம் 13. கர்ப்பவாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, மெத்தென்று இருக்கிறதா, முன்னால் வந்திருக்கிறதா, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என ஐந்து விஷயங்கள் பார்ப்பார்கள். 8-க்கு மேல் இருந்தால் உடம்பு தயார். 6-க்குள் என்றால் முதலில் கர்ப்பவாயைப் பழுக்க வைக்க, அதாவது மெத்தென்று ஆக்க வேண்டும். உங்கள் மதிப்பெண் என்ன என்று கேளுங்கள், கேட்பதில் தவறில்லை.

பழுக்க வைக்கும் வழிகள் பல. ஒன்று, டைனோப்ரோஸ்டோன் ஜெல். குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்கும் 0.5 மில்லிகிராம் ஊசிக்குழாய் ஜெல்லைக் கர்ப்பவாய்க்குள் செலுத்துவார்கள். தேவைப்பட்டால் 6 மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் மூன்றுவரை வைக்கலாம். அடுத்தது, மிசோப்ரோஸ்டால் மாத்திரை. ஒரு வேளைக்கு 25 மைக்ரோகிராம், வாய்வழி என்றால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, பிறப்புறுப்பில் என்றால் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. 200 மைக்ரோகிராம் மாத்திரையை எட்டாக உடைத்துத் தரும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. துண்டுகள் சமமாக உடையாது, ஒன்றில் மருந்து அதிகமாகிவிட்டால் கர்ப்பப்பை இடைவிடாமல் இறுகும். 25 அளவிலேயே மாத்திரை கிடைக்கும்போது அப்படி உடைக்கத் தேவையே இல்லை. மருந்தே இல்லாத வழி, பலூன் குழாய். சிறுநீருக்குப் போடும் அதே குழாயைக் கர்ப்பவாய்க்குள் நுழைத்து, 30 முதல் 80 மில்லி நீர் நிரப்பி விடுவார்கள். வாய் மூன்று நான்கு சென்டிமீட்டர் திறந்ததும் அது தானே விழுந்துவிடும்.

முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. மிசோப்ரோஸ்டால் உங்களுக்குக் கூடாது, பழைய தையல் விட்டுப்போகும் ஆபத்து அதிகம். யார் பரிசோதித்தாலும் பழைய ஆபரேஷனை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

கர்ப்பவாய் திறந்ததும் பனிக்குடத்தை உடைத்து, வலியைத் தூண்டும் ஆக்சிடோசின் மருந்தை டிரிப்பாகப் போடுவார்கள். பத்து நிமிடத்தில் மூன்று நான்கு வலி வரும்வரை, அரை மணிக்கு ஒருமுறை சிறிது சிறிதாக ஏற்ற வேண்டிய மருந்து அது. ஜெல் வைத்திருந்தால் கடைசி ஜெல்லுக்குப் பிறகு 6 மணி நேரமாவது கழிய வேண்டும். பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேல் வலி வந்தால் குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையும். உடனே டிரிப்பை நிறுத்தி, இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, துடிப்பைப் பார்ப்பார்கள். ஆக்சிடோசினைக் குழந்தை பிறக்கும் முன் தசையில் ஊசியாகப் போடக் கூடாது. போட்டபின் அதன் வேகத்தைக் குறைக்க வழியே இல்லை. குழந்தை பிறந்தபின் ரத்தப்போக்கைத் தடுக்கத் தசையில் போடும் 10 யூனிட் ஊசி வேறு, அது அவசியமானது.

இப்போது பொறுமைக்கு வருகிறேன். தலைப்பிரசவம், கர்ப்பவாய் மூடியிருக்கிறது என்றால், மருந்து வைத்ததிலிருந்து குழந்தை பிறக்க ஒன்றரை நாள், சிலருக்கு இரண்டு நாள்கூட ஆகும். இது இயல்பு. காலையில் ஜெல், சாயங்காலம் "இன்னும் ஒண்ணும் ஆகலையே" என்று உறவினர்கள் வாசலில் கூடிநின்று, "ஆபரேஷனே பண்ணிடுங்க" என்று அவர்களே கேட்பதும் உண்டு. தாயும் குழந்தையும் நன்றாக இருந்தால், பனிக்குடம் உடைந்து டிரிப் ஓடி 12 முதல் 18 மணி நேரமாவது ஆகாமல் "மருந்து வேலை செய்யவில்லை" என்று முடிவுகட்டக் கூடாது. 5 சென்டிமீட்டர் திறக்கும்வரை மெதுவாகத்தான் போகும். ஆரம்பத்தில் நடக்கலாம், எளிதாகச் செரிக்கும் உணவு சாப்பிடலாம். தானாக வரும் வலியைவிட இது கூடுதல் வேதனை தரும் என்பது உண்மை. வலி தெரியாமல் முதுகில் போடும் ஊசிக்கு வசதி இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். அரசு மருத்துவமனைகளில் துணைக்கு ஒரு பெண் உறவினரை அனுமதிக்கிறார்கள். பயப்படாத ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்.

இடமும் முக்கியம். இரவு இரண்டு மணிக்கும் சிசேரியன் செய்ய மருத்துவரும் மயக்க மருந்து நிபுணரும் ரத்தமும் இருக்கும் இடத்தில்தான் வலிக்கு மருந்து வைக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்திருந்தால், 41 வாரத்துக்கு முன்பே சீமாங்க் மையம் (தாய்க்கும் சேய்க்கும் அவசர சிகிச்சை தரும் மையம்) உள்ள மருத்துவமனைக்கு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நாள் பார்த்து மருந்து வைக்கச் சொல்வோருக்கு ஒரு வார்த்தை. வைக்கும் நேரத்தைக் குறிக்கலாம், பிறக்கும் நேரத்தைக் குறிக்க முடியாது. வேறு மருத்துவக் காரணம் இல்லாமல், நட்சத்திரத்துக்காக 39 வாரத்துக்கு முன் வலி வரவைப்பது குழந்தையின் நுரையீரலோடு விளையாடுவது. விளக்கெண்ணெய் குடித்தால் வயிற்றுப்போக்கும் உடல் நீரிழப்பும் வரும், அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

41 வாரத்தில் "இன்னும் சில நாள் பார்க்கிறேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தம் இல்லாமல், குழந்தையின் வளர்ச்சியும் நீரும் சரியாக இருந்தால் அது பொறுப்பில்லாத முடிவல்ல. பனிக்குட உறையை விரலால் விலக்கிவிடும் முறையை அந்த நாட்களில் கேட்டுப் பார்க்கலாம். லேசான ரத்தக்கசிவு இருக்கும், ஆனால் சிலருக்கு அதிலேயே வலி வந்துவிடும். வாரம் இருமுறை துடிப்புப் பதிவும் நீர் அளவும் பார்க்க வேண்டும். ஆழமான நீர்ப்பகுதி 2 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கினால் காத்திருப்பு முடிந்தது. 42 வாரத்தைத் தாண்ட வேண்டாம். இன்றைய பரிசோதனை நன்றாக இருப்பது நாளைக்கு உத்தரவாதமில்லை என்பதையும் தெரிந்தே காத்திருங்கள்.

குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால் இடப்பக்கம் சாய்ந்து படுத்து இரண்டு மணி நேரம் கவனியுங்கள். பத்து அசைவு எண்ண முடியவில்லை என்றால், அல்லது நீர் பச்சையாகவோ ரத்தமாகவோ போனால், நேரம் எதுவானாலும் விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐ அழைத்துப் புறப்படுங்கள்.

வணக்கம்.