பழைய எம்டிபி, அதாவது மவுண்டன் பைக் சைக்கிள் வாங்கப் போறீங்களா? பையில ஒரு ஸ்டீல் ஸ்கேல் போட்டுக்கோங்க!

[திரையில்: ரெண்டு விற்பனை விளம்பரங்கள், பக்கத்துல பக்கத்துல]

"21 கியர், டபுள் ஷாக்கர், ரெண்டு டிஸ்க் பிரேக், ஆறு மாசம்தான் ஓட்டினது, விலை 7,000." பார்த்ததும் கை தானா போனுக்குப் போகுதா? கொஞ்சம் பொறுங்க. பக்கத்துல இன்னொண்ணு இருக்கு பாருங்க. பழைய 26 இன்ச் வீல், பெயிண்ட் உரிஞ்ச ஃப்ரேம், போட்டோகூட இருட்டுல எடுத்தது, விலை 12,000. ரெண்டாவதைப் பார்க்கத்தான் பஸ் ஏறுங்கன்னு நான் சொல்வேன். ஏன்னு இந்த வீடியோவுல முழுசா சொல்றேன். நடுவுல ஒரு ஸ்கேல் வரும், அந்த இடத்தை மட்டும் ஓட்டிவிட்டுடாதீங்க.

மவுண்டன் பைக் பிறந்ததே பழைய சைக்கிள்ல இருந்துதான், தெரியுமா? 1970-கள்ல கலிஃபோர்னியாவுல மரின் கவுண்டிப் பசங்க, 1930-கள், 40-கள்ல வந்த கனமான பலூன் டயர் சைக்கிள்களைத் தேடிப் பிடிச்சு, மலையில இருந்து மண் பாதையில இறக்கினாங்க. 1976-ல அதுவே பந்தயமா ஆச்சு. பேர் "ரீபேக்". அந்த சைக்கிள்ல பெடலைப் பின்னாடி மிதிச்சா பிடிக்கிற பிரேக், சக்கரத்தோட நடுவுல இருக்கிற ஹப்புக்குள்ள இருக்கும். ஒரு இறக்கம் இறங்கி முடிச்சா உள்ள இருக்கிற கிரீஸ் மொத்தமும் புகையாப் போயிடும், மறுபடி அடைக்கணும். அதுதான் ரீபேக்! அடுத்த வருஷம், 1977-ல, ஜோ பிரீஸ் இதுக்குன்னே தனியா ஃப்ரேம் கட்டினார். வரலாறு இவ்வளவு போதும், சைக்கிளைப் பார்ப்போம்.

[திரையில்: 10,000 – 15,000 ரூபாய்]

இதுதான் நம்ம பட்ஜெட். இதுல 2,500 ரூபாயைத் தொடவே தொடாதீங்க. அது வாங்கின மறுநாள் கேபிள், பிரேக் பேட், டியூப், தேவைப்பட்டா செயினுக்கு. 12,000-க்குப் பேசி முடிச்சா உங்களுக்கு அது 14,500 ரூபாய் சைக்கிள்னு மனசுல வெச்சுப் பேசுங்க.

முதல்ல இந்த டபுள் ஷாக்கர். மலிவு சைக்கிள்ல பின்னாடி இருக்கிறது வெறும் ஸ்பிரிங். அமுங்கினது மெதுவா திரும்பி வர்ற மாதிரி கட்டுப்படுத்த உள்ள எண்ணெய் எதுவும் இருக்காது. அதனால ஒவ்வொரு மிதிக்கும் சீட் மேலயும் கீழயும் குதிக்கும், உங்க கால் பலத்துல ஒரு பங்கை அந்த ஸ்பிரிங்கே சாப்பிட்டுடும். ஃப்ரேம் மடங்குற மூட்டுல இருக்கிற புஷ் தேய்ஞ்சா பின்பக்கமே பக்கவாட்டுல ஆடும், அந்த அளவு புஷ் வெளிய கிடைக்காது. எடையும் 17, 18 கிலோ வரும். இந்த பட்ஜெட்ல முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன் இருக்கிறதை எடுங்க. இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது.

21 கியர்? முன்னாடி 3 பல்சக்கரம், பின்னாடி 7. பெருக்கினா 21. அவ்வளவுதான் கணக்கு. இன்னிக்கு நல்ல எம்டிபி எல்லாம் முன்னாடி ஒண்ணு, பின்னாடி 12-ன்னு வருது. மொத்தமே 12 கியர், விலை பல மடங்கு. அதனால எண்ணிக்கையை விடுங்க, பின் சக்கரத்தோட நடுவுக்கு வாங்க. அங்கதான் விஷயம் இருக்கு.

[திரையில்: பின் ஹப், பக்கவாட்டுல இருந்து]

பின்பக்கப் பல்சக்கரக் கொத்து ரெண்டு விதமா மாட்டியிருக்கும். ஒண்ணு ஃப்ரீவீல், ஹப்புல மரை போட்டு முறுக்கினது. இன்னொண்ணு கேசட், ஹப்போட உடம்புலயே சொருகி லாக்ரிங் போட்டு இறுக்கினது. எதுன்னு கண்டுபிடிக்க பத்து செகண்ட் போதும். பின் சக்கரத்தை அசையாம பிடிச்சுக்கிட்டு, பல்சக்கரத்தைப் பின்பக்கமா சுத்துங்க. நடுவுல டூல் மாட்டுறதுக்கு ஒரு பள்ள வரிசை தெரியும். அதுவும் கூடவே சுத்தினா கேசட். அது நின்னுக்கிட்டு பல்லு மட்டும் சுத்தினா ஃப்ரீவீல்.

இதுல என்ன வித்தியாசம்? ஃப்ரீவீல் ஹப்புல வலது பக்க பேரிங் உள்ள தள்ளி உட்கார்ந்திருக்கும். அதுக்கு வெளிய, பல்சக்கரம் மொத்தத்தோட அகலத்துக்கும் சக்கரத்தோட அச்சான ஆக்சில் தாங்க ஆள் இல்லாம நீட்டிக்கிட்டு நிக்கும். ஒரு கல்லு மேல இருந்து நாலு தடவை தொப்புனு இறங்கினா அந்த ஆக்சில் வளையும், அப்புறம் ஒருநாள் உடையும். கேசட்ல பேரிங் கிட்டத்தட்ட ஃப்ரேமுக்குப் பக்கத்துலயே இருக்கிறதால அந்த நீட்டல் இல்ல. தார் ரோடு, ஏரிக்கரை, தோட்டத்து மண் பாதைக்கு ஃப்ரீவீல் தாராளமா போதும். குதிக்கணும், கல்லுப் பாதையில இறங்கணும்னா கேசட் தான். அந்த ரெண்டாவது விளம்பரம் மாதிரி பழைய ட்ரெக் 4300, மெரிடா மேட்ஸ் வகையறா கண்ணுல பட்டா முதல்ல இதைத்தான் பாருங்க. கேசட் இருந்தா, உரிஞ்ச பெயிண்டை மறந்துடுங்க.

26 இன்ச் பழசாச்சேன்னு சிலர் தயங்குவீங்க. 2012, 13 வாக்குல கம்பெனிகள் 27.5-க்கும் 29-க்கும் போனதால இதோட மறுவிலை விழுந்துடுச்சு. அது வாங்குறவங்களுக்கு லாபம். டயர், டியூப் சின்ன ஊர்க் கடையிலகூட கிடைக்கும், ஏன்னா நம்ம ஊர் சாதாரண கியர் சைக்கிள்ல நிறைய இந்த சைஸ்தான் ஓடியிருக்கு. ஒரே ஒரு கஷ்டம், 26-க்கு நல்ல முன் ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தைத் தாங்குற சஸ்பென்ஷன் பாகம், புதுசா தேடினா அலையணும். அதனால ஃபோர்க் கெட்டுப்போன 26 இன்ச் மட்டும் வேண்டாம்.

ஃபோர்க்கை எப்படிப் பார்க்கிறது? முன் பிரேக்கை அழுத்திப் பிடிச்சு, ஹேண்டில்பார் மேல முழு எடையும் போட்டு அமுக்குங்க. வழுக்கிட்டு இறங்கி, சத்தமில்லாம ஏறணும். "டக்" சத்தமோ நடுவுல சிக்கலோ வந்தா உள்ள துருவோ தேய்மானமோ இருக்கும். உள்குழாய்ல நகத்தை மேலிருந்து கீழே இழுங்க. நகம் மாட்டுற கீறல் இருந்தா அது உள்ள இருக்கிற ரப்பர் சீலைக் கிழிச்சுக்கிட்டே இருக்கும். அப்புறம் அதே பிரேக்கோட சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்க. ஹேண்டில்பார் திரும்புற இடத்து பேரிங்கான ஹெட்செட்ல விரலை வெச்சா ஆட்டம் தெரியும். ஹெட்செட் ஆட்டத்தை இறுக்கிச் சரி பண்ணலாம், ஃபோர்க்கோட ரெண்டு குழாய்க்கு நடுவுல இருக்கிற ஆட்டத்தை இறுக்க முடியாது. கடல் பக்கத்து ஊர்ச் சைக்கிள்னா ரெண்டு மடங்கு கவனம், உப்புக்காத்து எதையும் விடாது.

[திரையில்: 30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல், செயின்]

வந்துட்டோம் ஸ்கேலுக்கு! எனக்கு இந்த வீடியோவுலயே பிடிச்ச இடம் இதுதான்.

சைக்கிள் செயின்ல ஒரு பின்னுல இருந்து அடுத்த பின்னுக்கு சரியா அரை இன்ச். எந்தக் கம்பெனி செயினா இருந்தாலும், 7 கியரோ 12 கியரோ, அரை இன்ச்தான். அப்போ 24 மூட்டுக்கு 12 இன்ச். பின் சக்கரத்தை ஒருத்தர் பிடிச்சுக்கட்டும், நீங்க பெடலை லேசா முன்னாடி அழுத்துங்க, மேல் செயின் விறைப்பா நிக்கும். ஸ்கேலோட இன்ச் பக்கத்துல 0-வை ஒரு பின்னோட நட்டநடுவுல வைங்க. 12-ஆவது இன்ச் கோடு இன்னொரு பின்னோட நட்டநடுவுல வந்தா செயின் புதுசு மாதிரி.

அந்தப் பின் கோட்டைத் தாண்டி மாகாணி இன்ச் போயிருந்தா, அதாவது 16-ல ஒரு பங்கு, செயின் மாத்துற நேரம் வந்தாச்சு. பல்சக்கரம் தப்பிச்சிருக்கும். அரைக்கால் இன்ச் போயிருந்தா, 8-ல ஒரு பங்கு, செயினோட பின்பக்கக் கொத்தும் போச்சு. நம்ம பழைய வாய்பாட்டுல இருக்கிற மாகாணியும் அரைக்காலும் இன்னிக்கும் சைக்கிள் செயினுக்கு அப்படியே பொருந்துது பாருங்க, எனக்கு இது ஒவ்வொரு தடவையும் ஆச்சரியமா இருக்கு!

இதுல இன்னொரு அழகு இருக்கு. செயின் "இழுத்துக்கிச்சு"ன்னு சொல்வாங்க, ஆனா இரும்புத் தகடு நீளுறது இல்ல. உள்ள பின்னு சுத்துற இடம் தேயுது. அரைக்கால் இன்ச்ன்னா 3.2 மில்லிமீட்டர். அதை 24 மூட்டால வகுங்க. ஒரு மூட்டுக்கு சுமாரா 0.13 மில்லிமீட்டர், அதாவது அதுவும் கிட்டத்தட்ட அரைக்கால் மில்லிமீட்டர்தான்! கண்ணுக்கே தெரியாத தேய்மானம் 24 தடவை சேர்ந்து ஸ்கேல்ல பளிச்சுனு தெரியுது. பின்னு தள்ளிப் போனதும் செயின் பல்லோட அடியில உட்காராம மேல ஏறி உட்காரும், பல்லு அதுக்கேத்த மாதிரி தேய்ஞ்சு சுறா முதுகு மாதிரி கூராகும். தேய்ஞ்ச செயினும் தேய்ஞ்ச பல்லும் ஒண்ணுக்கொண்ணு பழகிப்போய் ஓடிக்கிட்டே இருக்கும். அங்க புது செயின் போட்டா? அழுத்தி மிதிக்கும்போது "டப்பு"னு வழுக்கும், முழங்கால் போய் ஹேண்டில்பார்ல இடிக்கும்.

அதனால ஒரு விஷயம் கவனிங்க. விற்கிறவர் "செயின் புதுசா மாத்திட்டேன் தம்பி"ன்னா சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி ஓட்டிப் பாருங்க. ஒவ்வொரு கியர்லயும் சீட்ல இருந்து எழுந்து நின்னு மிதிங்க. முக்கியமா பின்னாடி இருக்கிற சின்னப் பல்சக்கரங்கள்ல. 11 பல்லு இருக்கிறது, 32 பல்லு இருக்கிறதைவிட ஒவ்வொரு பல்லும் மூணு மடங்கு வேலை செய்யுது, அதான் முதல்ல தேயும். வழுக்கினா கேசட் விலையைக் கழிச்சுப் பேசுங்க. ஸ்கேல் துணி தைக்கிற டேப்பா இருக்கக் கூடாது, அது இழுபடும். பிளாஸ்டிக் ஸ்கேலும் வேண்டாம், ஸ்டீல்தான்.

ஃப்ரேம். ஹேண்டில்பாருக்குக் கீழ இருக்கிற குட்டைக் குழாய்தான் ஹெட் டியூப், அதுக்குப் பின்னாடி கீழ்க்குழாயோட அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்க. பெயிண்ட் சுருங்கியிருந்தாலோ புடைப்பு இருந்தாலோ முன்பக்கமா எங்கயோ மோதின வண்டி, அப்படியே திரும்பி வந்துடுங்க. வெல்டிங் ஓரத்துல முடி மாதிரி கோடு தெரிஞ்சாலும் அதேதான். அலுமினிய ஃப்ரேமை தெருமுனையில ஒட்டி ஓட்டுற வேலை வேண்டாம். சீட் கம்பத்தைக் கழட்டச் சொல்லுங்க. வரலைன்னா அது ஃப்ரேமோட ஒட்டிப்போச்சு, உயரம் மாத்தவே முடியாது. கோணல் பார்க்க ஒரு நூல் போதும்: பின் ஆக்சில் உட்கார்ற இடத்துல இடதுபக்கம் கட்டி, ஹெட் டியூபைச் சுத்தி வலதுபக்கம் கொண்டு வாங்க. சீட் குழாய்க்கும் நூலுக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் ஒரே இடைவெளி வரணும். 2, 3 மில்லிமீட்டருக்கு மேல வித்தியாசம்னா ஃப்ரேம் முறுக்கியிருக்கு.

பிரேக். ஹைட்ராலிக், அதாவது எண்ணெய் அழுத்தத்துல பிடிக்கிறதுன்னா லீவரை அழுத்தி அரை நிமிஷம் பிடிங்க, மெதுவா உள்ள இறங்கிட்டே போனா எங்கயோ கசியுது. ஷிமானோ, டெக்ட்ரோவுக்கு மினரல் ஆயில். அதுல கார் பிரேக் ஆயிலை ஊத்தினா சீல் ஊதிக் கெட்டுப்போகும், ஊத்தியிருக்காரான்னு வாய்விட்டே கேளுங்க. கேபிள் டிஸ்க்ல பேடும் கேபிளும் மாத்தினாலே பாதி பிரச்சினை தீரும். கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு இறங்கப் போற ஆளா இருந்தா டிஸ்க் தட்டோட கனத்தையும் பாருங்க, ஷிமானோ தட்டு 1.5 மில்லிமீட்டருக்குக் கீழ போனா மாத்தணும்.

மிச்சம் சட்டுசட்டுனு. பெடலைத் தாங்குற கம்பியான கிராங்கைப் பக்கவாட்டுல ஆட்டுங்க, ஆடினா பிரச்சினை பாட்டம் பிராக்கெட்ல, அதாவது கிராங்க் சுத்துற பேரிங்ல, மலிவாவே மாத்தலாம். பெடல் ஆடினா கிராங்க்ல மரை போயிருக்கலாம், அது செலவு. இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம், தெரியாம முறுக்கித்தான் பல கிராங்க் செத்திருக்கு. வீல் கோட்டம் லேசா இருந்தா சரி பண்ணிடலாம், ரிம்ல நெளிவு இருந்தா முடியாது. சைஸுக்கு, ரெண்டு காலும் தரையில ஊனி மேல்குழாய் மேல நில்லுங்க, நடுவுல குறைஞ்சது 5 சென்டிமீட்டர் இடம் வேணும். பெரிய ஃப்ரேமை சீட் இறக்கிச் சமாளிக்கலாம்னு நினைக்காதீங்க, கை எட்டாது.

கடைசியா காசு கொடுக்கிற நேரம். சைக்கிளுக்கு ஆர்.சி. புக் கிடையாது. பாட்டம் பிராக்கெட்டுக்கு அடியில ஃப்ரேம் நம்பர் குத்தியிருக்கும், சைக்கிளைத் தலைகீழாக் கவிழ்த்து போட்டோ எடுங்க. பழைய பில் இருந்தா அந்த நம்பரோட ஒத்துப் பாருங்க. பில் இல்லைன்னா ஒரு வெள்ளைத்தாள்ல நம்பர், தேதி, தொகை எழுதிக் கையெழுத்து வாங்குங்க. நம்பரைத் தேய்ச்சு அழிச்சிருந்தா எவ்வளவு மலிவா இருந்தாலும் தொடாதீங்க. திருட்டுன்னு நம்பக் காரணம் இருந்தும் வாங்குறது பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவுல குற்றம். அதைவிட, அந்தச் சைக்கிளைத் தொலைச்சிட்டு ஒரு பையன் எங்கயோ அழுதுக்கிட்டு இருப்பான்.

இப்போ வீட்ல நிக்கிற சைக்கிள்கிட்டப் போங்க. ஸ்கேல் வைங்க. 12 இன்ச்சுக்கு மேல மாகாணியா, அரைக்காலா, இல்ல கோட்டுலயே நிக்குதா? அளந்து கமெண்ட்ல போடுங்க, எத்தனை வருஷச் செயின்னும் சேர்த்து எழுதுங்க.