மோரிஸ் மைனர்: பிரேக் பெடல் ஏன் தரை வரை போகிறது?

[காட்சி: ஷெட்டில் நிற்கும் மோரிஸ் மைனர். ஒரு கால் பெடலை மிதிக்கிறது. பெடல் தரையைத் தொட்டு நிற்கிறது.]

வணக்கம். பெடல் எங்கே போய் நின்றது, பார்த்தீர்களா? இந்த நிலையில் வண்டியைத் தெருவுக்கு எடுக்கவே கூடாது. அதற்காக உடனே புது மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் உறுப்பு) வாங்க ஓடவும் வேண்டாம். பழுது எங்கே என்பதை முக்கால்வாசி உங்கள் காலே சொல்லிவிடும்.

1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் தயாரான கார் இது. யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இந்தக் காலத்து வண்டிகளை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது மண்ணெண்ணெயிலேயே ஓட்டியவர்கள் அவர்கள். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்: சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை, உள்ளே இருக்கும் ஷூக்கள் விரிந்து அழுத்தி நிறுத்தும். கால் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் பூஸ்டர் கிடையாது, அதனால் பெடல் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும். எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட், அதாவது ஒரே ஆயில் பாதை. ஓர் இடத்தில் உடைத்துக்கொண்டு ஒழுகினால் நான்கும் போச்சு, மிச்சம் ஹேண்ட் பிரேக் மட்டும்தான்.

[காட்சி: பெடலை அடுத்தடுத்து மூன்று முறை மிதிப்பது.]

சரி, வேகமாக மூன்று நான்கு தடவை மிதியுங்கள். ஒவ்வொரு மிதிக்கும் பெடல் மேலே வருகிறதா? மேலே வந்தபின் கல் மாதிரி இருந்தால், ஷூ டிரம்மை விட்டுத் தள்ளி நிற்கிறது, அட்ஜஸ்ட் செய்தால் போதும். மேலே வந்தும் பஞ்சு மாதிரி அமுங்கினால் லைனில் காற்று இருக்கிறது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அட்ஜஸ்ட்மென்ட்டைத் தொடாமல், ஏர் எடுக்கிறேன் என்று பாட்டில் பாட்டிலாக பிரேக் ஆயிலை ஊற்றுவார்கள். முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் இரண்டு, ஷூவை டிரம்முக்கு அருகே கொண்டுவரும் அட்ஜஸ்டர் இரண்டு. பின்னால் ஒவ்வொன்று. ஆக மொத்தம் ஆறு அட்ஜஸ்டர். முன்னால் இரண்டாவது அட்ஜஸ்டர் இருப்பதே தெரியாமல் ஒன்றை மட்டும் திருப்பிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. சக்கரத்தைக் கழற்றினால் டிரம்மில் ஒரு துளை தெரியும். டிரம்மைச் சுற்றி, துளைக்கு நேரே அட்ஜஸ்டர் வந்ததும் ஸ்க்ரூடிரைவரால் டிரம் இறுகும் வரை திருப்புங்கள், அப்புறம் ஒரு கிளிக் பின்னால். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வையுங்கள். டிரம்மைத் திறக்க நேர்ந்தால் தூசியை ஊதாதீர்கள். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதன் தூசி நுரையீரலுக்கு ஆபத்து.

[காட்சி: பெடலை ஒரே அழுத்தமாகப் பிடித்திருப்பது. பெடல் மெதுவாக இறங்குகிறது.]

அடுத்து, ஒரு நிமிடம் ஒரே சீராக மிதித்துப் பிடியுங்கள். முதலில் நின்றுவிட்டு, பிறகு மெல்ல மெல்ல இறங்கினால் அழுத்தம் எங்கோ கசிகிறது. டிரம்முக்குள் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள், ஈரமாக இருக்கிறதா என்று. எங்கும் ஈரம் இல்லை, ஆயில் மட்டமும் குறையவில்லை என்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ரப்பர் கப் தேய்ந்து, ஆயில் உள்ளுக்குள்ளேயே திரும்பிப் போகிறது.

மைனரில் ஒரு தொல்லை: மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் காலடியில், சேஸிஸ் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. ஆயில் பார்க்கக்கூட கார்ப்பெட்டைத் தூக்க வேண்டும். அதனால்தான் யாரும் பார்ப்பதில்லை! கசிந்தாலும் சட்டத்துக்குள்ளேயே வழியும், வெளியே சொட்டுத் தெரியாது. கழற்றுவது அதைவிடப் பாடு. போல்ட்டை உருவப் போனால், முன் சஸ்பென்ஷனின் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் என்ற கம்பி குறுக்கே நிற்கும். ஒருமுறை கழற்றிவிட்டால், மாட்டும்போது போல்ட்டை எதிர்ப்பக்கமாகச் செருகுங்கள். அடுத்த தடவை அந்த வேதனை இல்லை.

[காட்சி: சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்ப்பது. சுற்றவில்லை.]

இப்போது நேர் எதிர்ப் பழுது. ஓட ஓட பெடல் உயர்ந்துகொண்டே வருகிறது, வண்டி இழுக்க மறுக்கிறது. நாம் பிரேக் ஆயில் என்று சொல்கிறோமே, அது எண்ணெய் வகையே இல்லை, கிளைகால் திரவம். பேரை நம்பி இன்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் கப் ஊதி, ஆயில் திரும்பும் சின்னத் துளையை மூடிவிடும். பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் நடுவே துளி இடைவெளி இல்லாவிட்டாலும் இதே கதைதான். சூட்டில் விரியும் ஆயிலுக்குத் திரும்பப் போக வழியில்லை, ஷூ டிரம்மைப் பிடித்துக்கொள்ளும்.

எந்தப் பக்கம் அடைப்பு? மாஸ்டர் சிலிண்டரில் பைப் சேரும் நட்டைச் சற்றுத் தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் குற்றம் அங்கே. விடுபடாமல், சக்கரத்தில் உள்ள ப்ளீடரை (காற்றை வெளியேற்றும் திருகு) திறந்ததும் ஆயில் பீய்ச்சி, சக்கரம் சுற்றினால், அந்தப் பக்கத்து ரப்பர் ஹோஸ் உள்ளே இற்று ஒருவழிக் கதவாக மாறியிருக்கிறது. வெளியே பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும். ப்ளீடரைத் திறந்தும் சுற்றவில்லையா? வீல் சிலிண்டர் இறுகியிருக்கும், அல்லது ஷூ மாட்டியிருக்கும். வழிந்த ஆயிலை உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பெயின்ட்டை உரித்துவிடும்.

பெடல் கல்லாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் லைனிங்கில் ஆயிலோ கிரீஸோ பட்டிருக்கும், இல்லை கண்ணாடி மாதிரி வழவழத்திருக்கும். மிதிக்கும்போது பெடல் காலை உதைத்தால் டிரம் வட்டம் தவறியிருக்கிறது.

[காட்சி: ஆளில்லாத சாலை. மெதுவாக ஓடி நிற்கும் கார்.]

வேலை முடிந்ததும் காலியான இடத்தில் மெதுவாக ஓட்டி, நாலைந்து முறை பிரேக் பிடித்து நிறுத்துங்கள். இறங்கி ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக அடித்தால், அந்தச் சக்கரத்தின் அட்ஜஸ்டரை இன்னொரு கிளிக் பின்னால் எடுத்துப் பாருங்கள்.