மெனுவைத் தோட்டம்தான் எழுதும்: சீசன் உணவகம் எப்படி நடக்கிறது?

(திரையில்: புதுச்சேரி பெரிய மார்க்கெட், காய்கறிக் கடைகள்)

வணக்கம். பெரிய மார்க்கெட்டில் கேரட்டும் காலிஃபிளவரும் தை மாதமும் கிடைக்கும், சித்திரை வெயிலிலும் கிடைக்கும். மலையிலிருந்து லாரி வந்துகொண்டே இருப்பதால் நமக்கு சீசன் என்பதே மறந்துவிட்டது. சரி, சீசனை மட்டும் நம்பி ஓர் உணவகத்தை நடத்த முடியுமா?

அமெரிக்காவில் பெர்க்லி நகரத்து ஷே பனிஸ் அப்படித்தான் நடக்கிறது. ஆலிஸ் வாட்டர்ஸ் 1971 ஆகஸ்ட் 28 அன்று திறந்தது. கீழ்த்தளத்தில் உட்கார்ந்தால், "என்ன சாப்பிடுறீங்க?" என்ற கேள்வியே கிடையாது. அன்றைக்கு என்ன மெனுவோ அதுதான் எல்லோருக்கும், நம் கல்யாணப் பந்தி மாதிரி. திறந்த அன்று பாத்தே என்ற அரைத்த இறைச்சிப் பண்டம், ஆலிவ் சேர்த்த வாத்துக்கறி, பிளம் பழம் வைத்துச் சுட்ட டார்ட், விலை 3.95 டாலர். அந்த விலையை இப்போது மறந்துவிடுங்கள். பிடித்ததைக் கேட்டுச் சாப்பிட நினைப்பவர்களுக்கு 1980இல் மாடியில் ஒரு கஃபே வந்தது.

இதில் சூட்சுமம் எங்கே இருக்கிறது? வழக்கமான ஹோட்டலில் மெனுவை அச்சடித்துவிட்டு அதற்குக் காய் தேடுவார்கள். இங்கே தோட்டத்தில் எது பதமாக இருக்கிறதோ, அதைப் பார்த்துதான் மெனுவே எழுதுவார்கள். கேட்பாரோ மாட்டாரோ என்று பத்துக் காயை வாங்கி வைத்து அழுகவிட வேண்டியதில்லை. விளைந்தது விற்றுப்போகும் என்று விவசாயிக்கும் தைரியம். அப்படியொரு இயற்கை விவசாயியைத் தேடிப் பிடித்தவர் ஆலிஸின் அப்பா. நன்றாகப் பழுத்த பீச் கிடைத்தால், அதை அப்படியே தட்டில் வைத்து, சாப்பாட்டுக்குப் பிறகு வரும் இனிப்பாகக் கொடுத்துவிடுவார்களாம். கொஞ்சம் துணிச்சல்தான்!

(திரையில்: ஆரோவில், செம்மண் பாதை)

நம் பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் ஆரோவில்லில் சாலிட்யூட் பண்ணை. கிருஷ்ணா மெக்கென்சி 1996இல் தொடங்கியது. ஜப்பானிய விவசாயி மசனோபு புகுவோகா சொன்ன, உழாமல், ரசாயனம் போடாமல் செய்யும் இயற்கை வேளாண்மைதான் அடிப்படை. பப்பாளிக்காய், வாழைத்தண்டு, முருங்கைக்கீரை என்று நாம் வேலியோரத்தில் விட்டுவைத்ததெல்லாம் அங்குள்ள உணவகத்தில் தட்டுக்கு வருகிறது.

அப்புறம் ஒரு விஷயம். வாசலில் "ஆர்கானிக்" என்று போர்டு இருந்தாலே சீசன் சாப்பாடு ஆகிவிடாது. உள்ளே போனதும், "இன்னைக்கு என்ன கிடைக்காது?" என்று கேளுங்கள். "எல்லாமே இருக்கு சார்" என்றால் எனக்குச் சந்தேகம்தான். வெயில் காலமென்றால் பண்ருட்டிப் பலா, மாங்காய், நுங்கு இருக்க வேண்டும். தை பிறந்தால் மொச்சையும் பனங்கிழங்கும். சித்திரையில் பனங்கிழங்கு கேட்டு, "இல்லை" என்று பதில் வந்தால் நம்பி உட்காரலாம்.

இப்படிப்பட்ட இடங்களுக்குப் போன் செய்துவிட்டுப் போவது நல்லது. அளவாகச் சமைப்பார்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான்.