பணியாரம் வைத்த தாள்

நேயர்களுக்கு வணக்கம். மூளைக் கட்டி ஆபரேஷனில் இப்போது என்னென்ன ஆராய்ச்சி நடக்கிறது என்று பேச அழைத்திருக்கிறார்கள். அடுப்படியிலிருந்தே தொடங்குகிறேன்.

வெள்ளைப் பணியாரத்தை எடுத்து ஒரு தாளில் வைக்கிறோம். பணியாரத்தை எடுத்துவிடலாம், தாளில் ஊறிய எண்ணெயை என்ன செய்வது? அது எங்கே முடிகிறது என்று கோடு போட முடியுமா? கிளையோபிளாஸ்டோமா என்கிற புற்றுக் கட்டி அப்படித்தான். எல்லாக் கட்டியும் அல்ல. மூளையின் உறையில் வளரும் மெனிஞ்சியோமாவுக்குப் பெரும்பாலும் தெளிவான விளிம்பு உண்டு. கிளையோபிளாஸ்டோமாவுக்கோ நடுவில் திரட்சி இருக்கும், ஓரமெல்லாம் நல்ல மூளைக்குள் ஊறிப்போயிருக்கும். மூளையோ நம்ம ஊர்க் கும்மாயம் மாதிரிக் குழைவானது. ஓரத்தில் கண்ணும் ஏமாறும், விரலும் ஏமாறும்.

எம்.ஆர்.ஐ. படம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. போனில் வழி பார்ப்பதுபோல அதை வைத்துத்தான் ஆபரேஷனில் இடம் பார்க்கிறார்கள். ஆனால் மண்டையோட்டைத் திறந்து, உறையை வெட்டி, உள்ளிருக்கும் நீர் வடிந்ததும் மூளை சற்றுத் தாழ்ந்துவிடும். சில சமயம் ஒரு சென்டிமீட்டருக்கு மேலேயே நகர்ந்திருக்கும். படம் காட்டுவது திறப்பதற்கு முந்தைய மூளையை.

இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. ஃபைவ்-ஏ.எல்.ஏ. என்று ஒரு பொடி. ஒன்றரை கிராம் பொடியை 50 மில்லி தண்ணீரில் கரைப்பார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 40 மில்லி வரும். மயக்க மருந்துக்குச் சுமார் 3 மணி நேரம் முன்பு குடிக்கக் கொடுப்பார்கள். இரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீம் தயாராகும் வழியில் வருகிற சரக்கு இது. கடைசிப் படியில் இரும்பு சேர வேண்டும். கட்டிச் செல்களில் அந்தப் படி மந்தம். அதனால் போர்ஃபைரின் என்ற பொருள் தேங்கிவிடும். விளக்கை மங்கலாக்கி, மைக்ரோஸ்கோப்பில் நீல ஒளியைப் போட்டால், நல்ல மூளை நீலமாகவே தெரியும், கட்டி இளஞ்சிவப்பாக ஒளிரும்.

ஜெர்மனியில் 322 பேரைச் சேர்த்த ஆய்வு 2006-இல் வெளியானது. படத்தில் தெரிந்த கட்டி முழுதும் எடுபட்டது, சாதாரண வெளிச்சத்தில் 36 சதவீதம் பேருக்கு. இந்த ஒளியில் 65 சதவீதம் பேருக்கு. மொத்த ஆயுளில் பெரிய வித்தியாசத்தை அந்த ஆய்வு காட்டவில்லை. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

எங்கே சறுக்கும்? மேலே இரத்தம் படிந்தால் ஒளி தெரியாது, கழுவிக் கழுவிப் பார்க்க வேண்டும். குழியின் மேல்விளிம்பு மறைத்தால் அடியிலிருப்பது தப்பிவிடும். வெளிச்சம் அதிக நேரம் பட்டால் ஒளி மங்கும். மெதுவாக வளரும் கட்டிகள் பெரும்பாலும் ஒளிர்வதே இல்லை. குடித்தபின் ஒரு நாள் முழுக்கத் தோலில் பலமான வெளிச்சம் படக் கூடாது. வளவை ஒட்டிய இருட்டறை சரி, முற்றத்து வெயில் கூடாது.

இன்னொன்று. ஒளிர்வதெல்லாம் வெட்டத் தக்கதல்ல. பேச்சுக்கான இடமும் ஒளிரலாம். அதற்குத்தான் நோயாளியை விழித்திருக்க வைத்துச் செய்யும் விழிப்பு ஆபரேஷன். மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. வலி தெரியும் தலைத்தோலையும் மூளை உறையையும் மரத்துப்போகச் செய்வார்கள். ஒரு இடத்தில் மெல்லிய மின்சாரத்தை வைத்துக்கொண்டு படம் காட்டுவார்கள். குத்துவிளக்கு என்று சொல்ல வந்தவர் தடுமாறினால், அந்த இடத்தில் கை வைக்க மாட்டார்கள். சோதனையை நோயாளி வீட்டில் பேசுகிற மொழியில் நடத்த வேண்டும். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்: வீட்டில் பேசுகிற மொழியில்.

கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஆய்வகக் கதையைச் சுருக்கிவிடுகிறேன். எடுத்த கட்டியில் ஒரு துண்டை ஃபார்மலினில் போடாமல், குளிர்ந்த ஊட்டக் கரைசலில் உடனே அனுப்பினால்தான் செல்கள் உயிரோடு வளரும். ஆய்வகங்களில் பல வருஷமாக வளர்த்துவரும் பழைய செல்களையே நம்பியிருப்பதில் ஆபத்து உண்டு. யு-87 என்று உலகமெங்கும் பயன்பட்ட கிளையோமா என்கிற மூளைக் கட்டியின் செல்கள், ஸ்வீடனில் எடுத்த மூலக் கட்டியோடு பொருந்தவில்லை என்று 2016-இல் தெரிந்தது. இரத்தத்திலிருந்து மூளைக்குள் மருந்தை விடாத தடுப்பை, நுண்குமிழிகளும் அல்ட்ராசவுண்டும் வைத்துச் சில மணி நேரம் திறந்து பார்க்கும் சோதனைகளும் நடக்கின்றன. அதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.